கன்ட்ரோலர் கெட்டுவிட்டதா? முதலில் அதன் பெயரைப் படியுங்கள்

கோடை விடுமுறைக்கு வந்த அக்கா மகன், பையிலிருந்து ஒரு ப்ளூடூத் கேம் கன்ட்ரோலரை எடுத்து மேஜை மேல் வைத்தான். "மாமா, இது டெட். ரெண்டு நாளா பாக்குறேன், டேப்ல கனெக்டே ஆகல." ஆன்லைனில் 1,200 ரூபாய்க்கு வாங்கியது. செத்துப்போனதாகச் சொல்லப்பட்ட அந்தக் கன்ட்ரோலரின் அடியில் நாலு நீல விளக்குகள் ஜோராக ஓடிக்கொண்டிருந்தன. டேபில் ப்ளூடூத் பட்டியலைத் திறந்தேன். 'ப்ரோ கன்ட்ரோலர்' என்று ஒரு பெயர் பளிச்சென்று இருந்தது.

"இது யாருடா?"

"பக்கத்து வீட்டுக்காரங்களோடதுன்னு நெனச்சேன்."

அவனுடையதேதான். நின்டெண்டோ ஸ்விட்சுக்கான வேஷத்தில் நின்றிருந்தது, அவ்வளவுதான். அணைத்துவிட்டு, டப்பாவுக்குள் கிடந்த சீட்டில் போட்டிருந்தபடி வேறு இரண்டு பட்டன்களைச் சேர்த்துப் பிடித்து ஆன் செய்தோம். இந்த முறை வேறு பெயரில் வந்தது. ரெண்டு நிமிஷத்தில் மைன்கிராஃப்டில் மரம் வெட்டிக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு தெரிந்தவர்கள், தெரிந்தவர்களின் பிள்ளைகள் என்று கன்ட்ரோலர்கள் என் மேஜைக்கு வந்துகொண்டே இருக்கின்றன. நிஜமாகப் பழுதானது அபூர்வம். பெரும்பாலானவை வேறு யாருக்கோ வேலை பார்த்துக்கொண்டிருக்கும்: பழைய போனுக்கு, ஹாலில் இருக்கும் பிளேஸ்டேஷனுக்கு, இல்லாத ஸ்விட்சுக்கு. கையடக்கக் கன்ட்ரோலர் என்பது கூத்தில் ஒரே ஆள் மூன்று வேஷம் கட்டுவது மாதிரி. எக்ஸ்பாக்ஸ், பிளேஸ்டேஷன், ஸ்விட்ச், சாதா ஆண்ட்ராய்டு கேம்பேட், சிலதில் கீபோர்டு வேஷம்கூட உண்டு. எந்த வேஷத்தில் இருக்கிறது என்பதைப் ப்ளூடூத் பட்டியலில் வரும் பெயரே சொல்லிவிடும். 'எக்ஸ்பாக்ஸ் வயர்லெஸ் கன்ட்ரோலர்' என்று வந்தால் எக்ஸ்பாக்ஸ். வெறும் 'வயர்லெஸ் கன்ட்ரோலர்' என்றால் பெரும்பாலும் பிளேஸ்டேஷன். 'ப்ரோ கன்ட்ரோலர்' என்றால் ஸ்விட்ச்.

எதையும் நோண்டும் முன்

கோளாறு கன்ட்ரோலரிலா, போனிலா, கேமிலா என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஆண்ட்ராய்டில் இதற்கு எந்த ஆப்பும் வேண்டாம். கனெக்ட் ஆன பிறகு ஹோம் ஸ்கிரீனுக்குப் போய், கன்ட்ரோலரின் நாலுதிசைப் பட்டனை அமுக்குங்கள். ஐகான்களுக்கு நடுவே ஒரு கட்டம் நகர்ந்தால் இணைப்பு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். ஐபோன், ஐபேடில் செட்டிங்ஸில் ஜெனரல் பகுதிக்குப் போங்கள். 'கேம் கன்ட்ரோலர்' என்ற வரி அங்கே இருக்கிறதா பாருங்கள். கன்ட்ரோலர் சேர்ந்தால்தான் அந்த வரியே முளைக்கும்.

அடுத்ததாக ப்ரவுசரில் 'கேம்பேட் டெஸ்டர்' என்று தேடினால் வரும் பக்கங்களில் ஒன்றைத் திறங்கள். ஏதாவது ஒரு பட்டனை அமுக்கும்வரை அந்தப் பக்கம் காலியாகத்தான் இருக்கும். பாதுகாப்புக்காக ப்ரவுசர் அப்படி வைத்திருக்கிறது. அமுக்கியதும் எல்லா பட்டனும் ஸ்டிக்கும் எண்களாகத் தெரியும். இங்கே எல்லாம் சரியாக இருந்தால் கன்ட்ரோலரைத் திட்டுவதை நிறுத்திவிட்டு கேமின் பக்கம் திரும்பலாம்.

"பட்டியலில் பெயரே வரவில்லை"

ஆன் செய்வது வேறு, பேரிங் மோடுக்கு, அதாவது புதிய போனோடு சேரத் தயாராகும் நிலைக்குக் கொண்டுபோவது வேறு. சும்மா ஆன் செய்தால் கன்ட்ரோலர் தன் பழைய கூட்டாளியைத்தான் தேடும். புதிய போனுக்குத் தன்னைக் காட்டிக்கொள்ளாது. விளக்கு வேகமாக மின்னினால்தான் கதவு திறந்திருக்கிறது.

பிளேஸ்டேஷன் 4 கன்ட்ரோலரில் ஷேர் பட்டனையும் பிஎஸ் பட்டனையும் சேர்த்துப் பிடியுங்கள். முன்பக்க விளக்கு 'டிக்-டிக்' என்று இரட்டையாக வெட்டும்வரை விடாதீர்கள். பிளேஸ்டேஷன் 5-இன் டூயல்சென்ஸில் ஷேருக்குப் பதில் கிரியேட் பட்டன். எக்ஸ்பாக்ஸில் மேல் விளிம்பில், கேபிள் செருகும் துளைக்குப் பக்கத்தில் ஒரு குட்டி பட்டன் இருக்கும். அதை மூன்று விநாடி. ஸ்விட்ச் ப்ரோ கன்ட்ரோலரிலும் அதே இடத்தில்தான் சிறிய சிங்க் பட்டன். 8பிட்டோ நிறுவனத்தின் எஸ்என்30 ப்ரோ போன்றவற்றில் ஆன் செய்யும்போதே வேஷத்தைச் சொல்லிவிட வேண்டும்: ஸ்டார்ட்டோடு பி பிடித்தால் ஆண்ட்ராய்டு, ஏ என்றால் மேக், எக்ஸ் என்றால் விண்டோஸ், ஒய் என்றால் ஸ்விட்ச். பெயர் இல்லாத மலிவு ரகங்களில் ஹோம் பட்டனோடு ஏதாவது ஒரு எழுத்து. எந்த எழுத்து என்பது டப்பாவில் வரும் சீட்டில்தான் இருக்கும். அந்தச் சீட்டை வாங்கிய அன்றே போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு வரும் போன்களில் பாதி, தூக்கிப்போட்ட சீட்டைப் பற்றித்தான்.

எல்லாம் சரியாகச் செய்தும் வரவில்லையா? பக்கத்து அறையை எட்டிப் பாருங்கள். ஒரு நண்பர் வீட்டில் பிஎஸ் பட்டனை அமுக்க அமுக்க, போனில் ஒன்றும் நடக்கவில்லை. ஹாலில் தூங்கிக்கொண்டிருந்த பிளேஸ்டேஷன் 4 மட்டும் 'பீப்' என்று எழுந்து எழுந்து உட்கார்ந்தது. கன்ட்ரோலர் இன்னும் அதற்கு விசுவாசமாக இருந்திருக்கிறது. கன்சோலின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பேரிங் செய்தால் வேலை முடிந்தது. திரும்பவும் கன்சோலோடு சேர்க்க வேண்டுமென்றால் யூஎஸ்பி கேபிளால் ஒருமுறை இணைத்துப் பிஎஸ் பட்டனை அமுக்க வேண்டும். அந்தக் கேபிள் சார்ஜ் மட்டும் ஏற்றும் ரகமாக இருந்தால் அதுவும் நடக்காது, டேட்டா போகும் கேபிளாக இருக்க வேண்டும்.

செகண்ட் ஹேண்டில் எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் வாங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 2016-க்கு முன் வந்த 1537, 1697 மாடல்களில் ப்ளூடூத்தே கிடையாது. எவ்வளவு நேரம் பட்டனைப் பிடித்தாலும் போனில் வராது. பேட்டரி மூடியைத் திறந்தால் உள்ளே மாடல் எண் அச்சடித்திருக்கும். 1708, 1914 என்றால் தைரியமாக வாங்கலாம். கடைக்காரர் மூடியைத் திறக்க விடவில்லையென்றால், நடுவில் இருக்கும் எக்ஸ்பாக்ஸ் பட்டனைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கைப் பாருங்கள். அது கன்ட்ரோலரின் முகத்தோடு ஒரே வார்ப்பாக இருந்தால் ப்ளூடூத் உண்டு. மேல் பக்க பட்டன்களோடு சேர்ந்த தனித் துண்டாகப் பளபளவென்று இருந்தால் இல்லை.

போன் பக்கமும் ஒரு குறைந்தபட்சத் தகுதி இருக்கிறது. ஐபோனில் பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர்கள் 2019-இல் வந்த ஐஓஎஸ் 13 முதல்தான் சேரும். டூயல்சென்ஸுக்கு 14.5 வேண்டும். ஸ்விட்ச் ப்ரோவுக்கும், ஸ்விட்சோடு வரும் குட்டிக் கன்ட்ரோலரான ஜாய்கானுக்கும் ஐஓஎஸ் 16. பழைய ஐபேடை எடுத்துக்கொண்டு மல்லுக்கட்டுபவர்கள் முதலில் இதைப் பார்க்கட்டும்.

"நேற்று வேலை செய்தது, இன்று கனெக்ட் ஆகி உடனே அறுந்துவிடுகிறது"

பேரிங் நடக்கும்போது போனும் கன்ட்ரோலரும் ஒரே சாவியின் இரண்டு நகல்களை ஆளுக்கொன்றாக வைத்துக்கொள்கின்றன. நடுவில் நீங்கள் கன்ட்ரோலரை வேறு போனோடு சேர்த்திருந்தால், அதனிடமிருக்கும் சாவி மாறியிருக்கும். பழைய போனோ பழைய சாவியை வைத்துக்கொண்டு பூட்டைத் திருகிக்கொண்டிருக்கும். பட்டியலில் பெயர் இருக்கும், தொட்டால் 'கனெக்டிங்' என்று வரும், மறைந்துவிடும்.

இதற்குத் திரும்பத் திரும்பத் தொடுவது மருந்தல்ல. போனில் அந்தப் பெயரை ஃபர்கெட் கொடுத்து நீக்குங்கள். கன்ட்ரோலரையும் ரீசெட் செய்யுங்கள்: பிளேஸ்டேஷன் 4 கன்ட்ரோலரின் முதுகில் எல்2 பக்கம், டூயல்சென்ஸில் சோனி எழுத்துக்குப் பக்கத்தில், ஊசித்துளை ஒன்று இருக்கும். சிம் ஊசியால் ஐந்து விநாடி அழுத்தினால் போதும். பிறகு புதிதாகப் பேரிங். ஒரு பக்கம் மட்டும் அழித்துவிட்டு 'செய்து பார்த்துவிட்டேன், வரவில்லை' என்று சொல்பவர்கள் நிறைய. இரண்டு பக்கமும் அழிக்க வேண்டும்.

எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் அடிக்கடி அறுந்தால் அதன் ஃபர்ம்வேர் (கன்ட்ரோலருக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) பழசாக இருக்கலாம். விண்டோஸ் கம்ப்யூட்டரில் 'எக்ஸ்பாக்ஸ் ஆக்சசரிஸ்' ஆப்பைப் போட்டு, கேபிளால் இணைத்து அப்டேட் செய்யலாம். அப்டேட்டுக்குப் பிறகு போனில் ஃபர்கெட் கொடுத்து மறுபடி சேர்க்க மறக்காதீர்கள். ஆண்ட்ராய்டில் கடைசி அஸ்திரமாக வைஃபை, ப்ளூடூத் செட்டிங்ஸை மொத்தமாக ரீசெட் செய்யும் வசதி உண்டு. ஆனால் அது சேமித்து வைத்த வைஃபை பாஸ்வேர்டுகளையும் துடைத்துவிடும். வீட்டு ரூட்டர் பாஸ்வேர்டு ஞாபகமில்லாதவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

"ஹோம் ஸ்கிரீனில் வேலை செய்கிறது, கேமில் அசையவே இல்லை"

கேமுக்குக் கன்ட்ரோலர் பாஷை தெரியாது. இவ்வளவுதான் விஷயம், ஆனால் இதை ஏற்றுக்கொள்ளத்தான் பலருக்கு மனம் வருவதில்லை. நம் ஊரில் கன்ட்ரோலர் வாங்கும் பையன்களில் பலர் பிஜிஎம்ஐ (பப்ஜியின் இந்தியப் பதிப்பு) ஆடத்தான் வாங்குகிறார்கள். அந்த கேம் கன்ட்ரோலரை ஏற்பதில்லை. 3,000 ரூபாய் கன்ட்ரோலரானாலும் 300 ரூபாய் கன்ட்ரோலரானாலும் அங்கே ஒன்றுதான்.

பட்டனைத் திரைத் தொடுகையாக மாற்றிக் கொடுக்கும் மேப்பர் ஆப்கள் ஆண்ட்ராய்டில் உண்டு. தனியாக ஆடும் கேமுக்குப் பரவாயில்லை. மற்றவர்களோடு போட்டி போடும் கேமில் அதைப் போட்டால் ஏமாற்று வேலை என்று கணக்கை முடக்க வாய்ப்பிருக்கிறது. மூன்று வருஷம் சேர்த்த கணக்கைப் பணயம் வைக்கும் அளவுக்கு ஒரு ஸ்டிக்கில் சுகமில்லை என்பது என் அபிப்பிராயம்.

கால் ஆஃப் டியூட்டி மொபைல் வேறு மாதிரிக் குழப்பும். மேட்ச்சுக்குள் கன்ட்ரோலர் நன்றாக வேலை செய்யும், வெளியே மெனுவில் ஒன்றும் நகராது. அது கோளாறல்ல, அப்படித்தான் செய்திருக்கிறார்கள். மெனுவை விரலால்தான் தொட வேண்டும். அதன் செட்டிங்ஸில் கன்ட்ரோலர் பகுதிக்குப் போய் அனுமதி ஆனாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். மைன்கிராஃப்ட், ஃபோர்ட்நைட், அஸ்ஃபால்ட் போன்றவற்றில் இந்தத் தொல்லை குறைவு. ஆப் ஸ்டோரில் கேமின் விவரப் பக்கத்தில் கன்ட்ரோலர் ஆதரவு உண்டா என்று போட்டிருக்கும், இறக்கும் முன் பார்த்துவிடுங்கள்.

சில கேம்கள் தாங்கள் திறக்கும் நேரத்தில் மட்டுமே கன்ட்ரோலரைத் தேடும். நடுவில் கனெக்ட் செய்தால் கண்டுகொள்ளாது. கேமை முழுசாக மூடி, கன்ட்ரோலரைச் சேர்த்துவிட்டுத் திறங்கள்.

பி பட்டனை அமுக்கினால் கேமே வெளியே போய்விடுகிறது என்பார்கள். கேம் கண்டுகொள்ளாத பி பட்டனை ஆண்ட்ராய்டு தானே எடுத்து 'பேக்' ஆக்கிவிடும். அப்படி நடந்தால், அந்த கேம் உங்கள் கன்ட்ரோலரைப் புரிந்துகொள்ளவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

"பட்டன்கள் இடம் மாறி வேலை செய்கின்றன"

ஏ அமுக்கினால் பி, எக்ஸ் அமுக்கினால் ஒய் என்றால் யோசிக்கவே வேண்டாம், ஸ்விட்ச் வேஷம். நின்டெண்டோவில் ஏ வலப்பக்கம், பி அடியில்; எக்ஸ்பாக்ஸில் ஏ அடியில், பி வலப்பக்கம். போன் கேம்கள் பெரும்பாலும் எக்ஸ்பாக்ஸ் வரிசையை நம்பி எழுதப்பட்டவை.

கார் ரேஸில் ட்ரிக்கரை (ஆள்காட்டி விரலால் இழுக்கும் பின்பக்க பட்டனை) மெல்ல அமுக்கினாலும் முழு வேகத்தில் பாய்கிறதா? அதுவும் பெரும்பாலும் இதே நோய்தான். ஸ்விட்சின் இசட்எல், இசட்ஆர் பட்டன்களுக்கு ஆன், ஆஃப் இரண்டு நிலைதான், நடுவில் ஒன்றுமில்லை. எக்ஸ்பாக்ஸ் வேஷத்துக்கோ ஆண்ட்ராய்டு வேஷத்துக்கோ மாற்றினால் ஆக்ஸிலேட்டர் மாதிரி பதமாக அமுங்கும்.

கேமரா தானாகச் சுழன்றுகொண்டே இருக்கிறது, வலது ஸ்டிக்கைத் தொட்டால் துப்பாக்கி சுடுகிறது என்றால், ஸ்டிக்கும் ட்ரிக்கரும் கேமின் கண்ணில் இடம் மாறியிருக்கின்றன. இதையும் மோடு மாற்றித்தான் முதலில் பார்க்க வேண்டும். ஐபோனில் செட்டிங்ஸில் அந்த 'கேம் கன்ட்ரோலர்' பகுதியிலேயே பட்டன்களை ஒவ்வொரு ஆப்புக்கும் தனித்தனியாக மாற்றியமைக்கலாம்.

"வாட்ஸப்பில் கீபோர்டு வரவில்லை"

கன்ட்ரோலருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நினைப்பீர்கள். ஒருநாள் அம்மா, "டேப்ல எழுத்தே வரமாட்டேங்குது, எதையோ அமுக்கிட்டேன் போல" என்று கவலையோடு வந்தார்கள். மெசேஜ் எழுதும் இடத்தைத் தொட்டால் கர்சர் துடிக்கிறது, கீபோர்டு எழும்பவில்லை. டேபை அணைத்து ஆன் செய்தும் பார்த்தாயிற்று. கடைசியில் ப்ளூடூத்தைத் திறந்தால், உள்ளறையில் பையனின் பைக்குள் கிடந்த கன்ட்ரோலர் கனெக்ட் ஆகியிருந்தது, கீபோர்டு வேஷத்தில். 'அதுதான் நிஜக் கீபோர்டு வந்துவிட்டதே, இனி நான் எதற்கு' என்று திரைக் கீபோர்டு ஒதுங்கிக்கொண்டது.

கன்ட்ரோலரை அணைத்தாலே சரியாகிவிடும். ஆண்ட்ராய்டில் நிரந்தரமாகத் தீர்க்க, செட்டிங்ஸில் 'பிசிக்கல் கீபோர்டு' பகுதியில் திரைக் கீபோர்டை எப்போதும் காட்டு என்ற ஸ்விட்சை ஆன் செய்துவிடுங்கள். அம்மா பழியிலிருந்து விடுபட்டார்கள்.

"லேக் அடிக்கிறது"

எது தாமதம் என்று முதலில் கவனியுங்கள். ப்ளூடூத் இயர்பட்ஸ் மாட்டிக்கொண்டு ஆடினால் சத்தம்தான் தாமதமாக வரும். சுட்டபிறகு 'டப்' என்று கேட்பதை மூளை பட்டன் தாமதமாகக் கணக்குப் போட்டுவிடும். இயர்பட்ஸைக் கழற்றி போன் ஸ்பீக்கரில் ஆடிப் பாருங்கள். லேக் காணாமல் போனால் கன்ட்ரோலர் நிரபராதி.

இயர்பட்ஸுக்கு இன்னொரு குற்றமும் உண்டு. போனுக்குள் இருக்கும் ஒரே ப்ளூடூத் ரேடியோதான் இயர்பட்ஸ், வாட்ச், கன்ட்ரோலர் மூன்றுக்கும் நேரத்தைப் பங்கிட்டுக் கொடுக்கிறது. அதே 2.4 கிகாஹெர்ட்ஸில்தான் வீட்டு வைஃபையும் ஓடுகிறது. ஒற்றையடிப் பாதையில் தேரும் போகிறது, சைக்கிளும் போகிறது. ரூட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் இருந்தால் போனை அதற்கு மாற்றுங்கள். நான் பார்த்தவரை வேறெதையும்விட இது நன்றாகக் கேட்கிறது. போனில் ஹாட்ஸ்பாட் ஆன் செய்துவிட்டு அதே போனில் கன்ட்ரோலரோடு ஆடுவது வம்பை விலைக்கு வாங்குவது.

போனைப் பையில் போட்டுக்கொண்டு டிவியில் காட்டி ஆடுபவர்கள் போனை வெளியே எடுத்து வையுங்கள். மனித உடம்பில் நிறையத் தண்ணீர். இந்த அலைவரிசையை அது நன்றாகவே விழுங்கும். ஸ்டீம் லிங்க் மாதிரி கம்ப்யூட்டரிலிருந்து கேமை இழுத்து ஆடினால், தாமதம் நெட்வொர்க்கிலும் இருக்கலாம். ஹோம் ஸ்கிரீன் சோதனையில் கட்டம் உடனுக்குடன் நகர்ந்தால், சந்தேகத்தைக் கம்ப்யூட்டர் பக்கம் திருப்புங்கள்.

"தொடாமலே ஆள் நடக்கிறான்"

இது மட்டும் பெரும்பாலும் நிஜமான உடல் நோய். சாதாரண ஸ்டிக்குக்குள் ஒரு கார்பன் தடத்தின் மேல் உலோக நாக்கு உரசிக்கொண்டே இருக்கும். தேயத் தேய, நடுவில் நிற்கும்போதும் 'கொஞ்சம் இடதுபக்கம்' என்று பொய் சொல்லும். டெஸ்டர் பக்கத்தில் ஸ்டிக்கைத் தொடாமல் எண்ணைப் பாருங்கள். 0.02, 0.05 என்று தள்ளாடினால் கேமில் டெட் ஸோனை (ஸ்டிக்கின் சின்ன அசைவைக் கேம் கண்டுகொள்ளாத எல்லையை) கொஞ்சம் கூட்டினால் போதும். 0.2-க்கு மேல் போய் நிற்கிறது என்றால் டெட் ஸோனை ஏற்றிக்கொண்டே போவது கண்ணாடி பவரைக் கூட்டுவது மாதிரிதான். முதலில் காலிப்ரேஷன் செய்து, அதாவது ஸ்டிக்குக்கு நடு எது என்று மறுபடி சொல்லிக்கொடுத்துப் பாருங்கள். அதற்கான பட்டன் சேர்க்கையும் அந்தச் சீட்டில்தான். ஐசோப்ரொபைல் ஆல்கஹால் ஒரு சொட்டு ஸ்டிக்கின் அடியில் விட்டுச் சுழற்றினால் தூசியால் வந்த கோளாறு போகும், தேய்மானம் போகாது.

ஸ்டிக்கை மாற்ற பத்துக்கும் மேற்பட்ட கால்களில் ஈயத்தை உருக்கி எடுக்க வேண்டும். விலை உயர்ந்த கன்ட்ரோலருக்கு அந்தக் கூலி கட்டும், 1,200 ரூபாய்க்கு வாங்கியதற்குக் கட்டாது. அடுத்தது வாங்கும்போது 'ஹால் எஃபெக்ட்' ஸ்டிக் என்று போட்டிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். அதில் உரசல் இல்லை, காந்தப்புலத்தை வைத்து அளக்கிறது.

"சார்ஜ் ஏறவில்லை"

போன் சார்ஜரில் டைப்-சி கேபிள் போட்டால் விளக்கே எரியவில்லை, ஆனால் பழைய சார்ஜரில் ஏறுகிறதா? இரண்டு முனையும் டைப்-சி ஆன கேபிளில், எதிர்முனையில் இருப்பது யார் என்று ஒரு அடையாளம் கிடைத்தால்தான் சார்ஜர் மின்சாரம் விடும். அந்த அடையாளத்தைக் கொடுப்பது கன்ட்ரோலருக்குள் இருக்க வேண்டிய இரண்டு சின்ன ரெசிஸ்டர்கள். ஒவ்வொன்றும் 5.1 கிலோஓம், விலை சில பைசா. மலிவு ரகங்களில் அந்தப் பைசாவையும் மிச்சம் பிடித்துவிடுகிறார்கள். ஒரு முனை பழைய செவ்வக யூஎஸ்பியாக இருக்கும் கேபிளைப் போட்டால் ஏறும்.

முழு சார்ஜில் வைத்தது மறுநாள் காலியாகிவிட்டால், ஆடி முடித்ததும் அணைக்கிறீர்களா என்று பாருங்கள். போன் திரையை அணைத்தாலும் கன்ட்ரோலர் விழித்தே இருக்கக்கூடும். பிளேஸ்டேஷன் கன்ட்ரோலரில் பிஎஸ் பட்டனைப் பத்து விநாடி பிடித்தால் அணையும். எக்ஸ்பாக்ஸில் நடு பட்டனைச் சில விநாடி பிடித்தால் போதும். அக்கா மகன் இப்போது இதைத் தவறாமல் செய்கிறான். அம்மாதான், டேபில் எழுத்து வரவில்லை என்றால், இன்னும் நேராக அவன் பையைத் திறந்து பார்க்கிறார்கள்.